சின்னப் புள்ளி வாங்கினால் குறி தப்பாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போட்டித் துப்பாக்கி சுடுதல் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் யாராவது எழுதுவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரி இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ரெட் டாட் (குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் சின்னக் கருவி) வாங்கும்போது புள்ளி எவ்வளவு சிறியதோ அவ்வளவு துல்லியம், ஆகவே கிடைப்பதிலேயே சிறியதை வாங்குங்கள் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். பிஸ்டலில் ரெட் டாட் மாட்டிப் பல வருடமாகப் போட்டிகளில் சுடுகிறவன் நான். இந்த வரியை நம்பி வாங்கிவிட்டு அப்புறம் மாற்றியவர்களில் நானும் ஒருவன், அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று பார்த்துவிடலாம். புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்று குறிப்பார்கள், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 1 எம்.ஓ.ஏ. என்பது 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ., 25 மீட்டரில் சுமார் 7 மி.மீ., 10 மீட்டரில் 3 மி.மீ.கூட இல்லை. அப்படியானால் 3 எம்.ஓ.ஏ. புள்ளி 25 மீட்டரில் 2.2 செ.மீ. இடத்தை மறைக்கும், 6 எம்.ஓ.ஏ. புள்ளி 4.4 செ.மீ. மறைக்கும். வேகத்தையும் துல்லியத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஐ.பி.எஸ்.சி. மாதிரியான போட்டிகளின் இலக்கு அட்டையில் முழு மதிப்பெண் தரும் 'ஏ' பகுதியின் அகலம் சுமார் 15 செ.மீ. அந்த அட்டைகளில் பெரும்பாலானவை 25 மீட்டருக்கு வெகு முன்னாலேயே நிற்கும், 10 மீட்டரில் 6 எம்.ஓ.ஏ. புள்ளி மறைப்பது 2 செ.மீ.கூட இல்லை. 15 செ.மீ.யில் 2 செ.மீ. மறைந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொரு கணக்கு. ரெட் டாட் வராத காலத்தில் எல்லோரும் இரும்புக் குறியில்தான் (பிஸ்டலின் முன்னும் பின்னும் இருக்கும் சின்னக் கட்டைகளை நேர்படுத்திப் பார்ப்பது) சுட்டார்கள், இன்றும் நிறையப் பேர் சுடுகிறார்கள். அந்த முன்குறியின் அகலம் சாதாரணமாக 3 மி.மீ. சொச்சம், கையை நீட்டிப் பிடித்தால் கண்ணிலிருந்து முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் இருக்கும். கோணமாகப் பார்த்தால் அது கிட்டத்தட்ட 15 எம்.ஓ.ஏ. வருகிறது. அதாவது 25 மீட்டரில் 10 செ.மீ.க்கு மேல் மறைக்கிற ஒரு கட்டையை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் பதக்கம் வாங்கிவிட்டார்கள், நாம் இங்கே 6 எம்.ஓ.ஏ. பெரிசு என்று புலம்பிக்கொண்டிருக்கிறோம்.

தவிர, புள்ளி என்பது இலக்கின்மேல் அப்பிய மை இல்லை. ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கின் ஒளி லென்ஸில் பட்டு நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் அந்தப் புள்ளியின் ஊடாகவே இலக்கு தெரியும். வட்டத்தின் நடுவைக் கண்டுபிடிக்க நம் கண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

சரி, சின்னப் புள்ளியால் கெடுதல் என்ன? இருக்கிறது. எங்கள் குழுவில் ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்தான், 2 எம்.ஓ.ஏ. புள்ளியோடு வந்தான். வலக்கைக்காரன், பத்து குண்டில் ஆறு இடப்பக்கம் கீழே போய்க்கொண்டிருந்தது. "அண்ணா, புள்ளி நிக்கவே மாட்டேங்குது" என்றான். யார் கையிலும் நிற்காது, மனிதக் கை ஆடத்தான் செய்யும். அவன் கை சுமார் 8 எம்.ஓ.ஏ. அகலத்துக்கு ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 எம்.ஓ.ஏ. புள்ளி தன் உடம்பைப்போல நான்கு மடங்கு தூரம் ஓடுகிற மாதிரி தெரியும், 8 எம்.ஓ.ஏ. புள்ளி தன் அகலத்துக்குள்ளேயே லேசாக அசைகிற மாதிரி தெரியும். ஆட்டம் ஒன்றுதான், கண்ணுக்குத் தெரிவது வேறு. அந்த ஓட்டத்தைப் பார்த்துப் பதறி, புள்ளி நடுவைக் கடக்கும் நொடியைப் பிடிக்க அவன் டிரிகரைச் சட்டென்று இழுத்தான், இழுத்த இழுப்பில் பிஸ்டலின் மூக்கு கீழே போனது. அவனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், சுடுவதற்கு ஒரு கணம் முன்னால் மணிக்கட்டு இறுகுவதுகூடத் தெரிந்தது. என் 6 எம்.ஓ.ஏ. பிஸ்டலைக் கொடுத்து, புள்ளியை மற, இலக்கை மட்டும் பார், ஆடினால் ஆடட்டும் என்றேன். இரண்டாவது மேகசினிலேயே குண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி விழ ஆரம்பித்தன. அவன் ஒன்றும் திடீரென்று பெரிய வீரனாகிவிடவில்லை, பதற்றத்துக்கான காரணம் கண்முன்னால் இல்லாமல் போனது.

சின்னப் புள்ளி கையின் குறையைக் காட்டிக்கொடுக்கும், அதனால் பயிற்சிக்கு நல்லது என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் ஒப்புக்கொள்கிறேன், வீட்டில் காலித் துப்பாக்கியோடு டிரிகர் பழகும்போது சின்னப் புள்ளி நல்ல வாத்தியார். போட்டி நாளில் வாத்தியார் பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

வெளிச்சம் விஷயத்தில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் ரெட் டாட் 3 எம்.ஓ.ஏ. ஒரு இரும்புத் தட்டுப் போட்டி, உச்சி வெயில், தட்டுகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பஸ்ஸர் அடித்ததும் பிஸ்டலைத் தூக்கினேன், முதல் தட்டின்மேல் புள்ளியே இல்லை. இருந்தது, வெள்ளையில் கரைந்துபோயிருந்தது. அடுத்த சுற்றுக்கு முன்னால் பட்டனை அழுத்தி வெளிச்சத்தை மேலே ஏற்றினேன். அப்புறம் தெரிந்தது, சின்னப் புள்ளி சின்னதாகவே இல்லை, சுற்றிலும் மினுக்கிக்கொண்டு வீங்கிப்போயிருந்தது. அடுத்த கட்டம் நிழலுக்குள் இருந்தது. வெளிச்சத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். தூக்கிப் பார்த்தால் லென்ஸ் முழுக்கச் சிவப்பாக முள் முளைத்த ஒரு உருண்டை! சின்னப் புள்ளியை வெயிலில் காண வெளிச்சத்தை ஏற்றியாக வேண்டும், ஏற்றினால் அது வீங்கிவிடும், அப்புறம் சின்னதை வாங்கி என்ன பிரயோஜனம்? 6 எம்.ஓ.ஏ. புள்ளி அதே வெயிலில் குறைந்த வெளிச்சத்திலேயே தெரிகிறது, விளிம்பும் சுத்தமாக இருக்கிறது.

முள் முளைத்த உருண்டை என்றேன் அல்லவா, அதில் பாதிக் குற்றம் என் கண்ணுடையது. அஸ்டிக்மாட்டிசம் (கருவிழியின் வளைவு சீராக இல்லாத பார்வைக் குறை) உள்ளவர்களுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாது, வால் முளைத்த நட்சத்திரமாகவோ கமா போலவோ தெரியும். சாதனம்தான் கோளாறு என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மொபைல் கேமராவை லென்ஸுக்குப் பின்னால் வைத்துப் புள்ளியைப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்து கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தால், போக வேண்டிய இடம் கண் டாக்டர். இன்னொரு வழி, பிஸ்டலை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், வாலும் கூடவே சாய்கிறதா, இருந்த இடத்திலேயே இருக்கிறதா? இருந்த இடத்திலேயே இருந்தால் அது கண்தான். இப்படிப்பட்ட கண்ணுக்கு 2 எம்.ஓ.ஏ. புள்ளியில் வாலே புள்ளியைவிடப் பெரிதாக இருக்கும். 6 எம்.ஓ.ஏ.யில் அதே வால் ஒரு ஓரத்துப் பிசிறு, நடு எது என்று குழம்ப வேண்டியதில்லை. நாற்பது தாண்டி, முன்குறி மங்கலாகி ரெட் டாட்டுக்கு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கட்டுரையாளர் முழுக்கத் தவறு என்று நான் சொல்லவில்லை. புல்ஸ்ஐ என்று ஒரு வகை இருக்கிறது, ஒற்றைக் கையில் பிடித்து 50 கெஜத்திலும் 25 கெஜத்திலும் சுடுவது. 50 கெஜத்து அட்டையில் பத்து மதிப்பெண் வளையம் சுமார் 8.5 செ.மீ., உள்ளே இருக்கும் எக்ஸ் வளையம் அதில் பாதி. அந்தத் தூரத்தில் 6 எம்.ஓ.ஏ. புள்ளி 8 செ.மீ., பத்து வளையத்தையே ஏறக்குறைய விழுங்கிவிடும். அங்கே 2, 3, 4 எம்.ஓ.ஏ.தான் சரி. நிதானமாகக் குறிபார்க்க நேரம் இருக்கிறது, கையின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே டிரிகரை அழுத்தப் பழகியவர்கள் அவர்கள்.

ஐ.பி.எஸ்.சி., அதே மாதிரியான அமெரிக்கப் போட்டி யு.எஸ்.பி.எஸ்.ஏ. போன்றவற்றில் கதையே வேறு. எடுத்த மதிப்பெண்ணை எடுத்த நேரத்தால் வகுத்துத்தான் கட்டத்தின் கணக்கு, ஓடிக்கொண்டும் சாய்ந்துகொண்டும் சுட வேண்டும். துப்பாக்கி உதைத்து மேலே போய்த் திரும்பி வரும்போது புள்ளி எங்கே போய் எங்கே வந்தது என்று கண் தொடர வேண்டும், பெரிய புள்ளி அதில் ஒரு சிவப்புக் கோடாகவே தெரியும், சின்னது பாதி வழியில் காணாமல் போகும். ஸ்டீல் சேலஞ்ச் என்ற இரும்புத் தட்டுப் போட்டியில் வட்டத் தட்டுகள் 10, 12 அங்குலம், செவ்வகத் தட்டுகள் 18க்கு 24 அங்குலம், பெரும்பாலான கட்டங்களில் ஐந்து முறை சுட்டு மோசமான ஒன்றைக் கழிப்பார்கள், மொத்தமும் நேரம்தான். அங்கே 8 எம்.ஓ.ஏ. வைத்திருப்பவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. சீ-மோர் நிறுவனத்தின் பழைய மாடல்களில் 12, 16 எம்.ஓ.ஏ. வரை மாற்றிப் போட்டுக்கொள்ளும் பாகங்களே வந்தன, சும்மாவா செய்திருப்பார்கள்? ஸ்லைடில் (சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் பிஸ்டலின் மேல்பாகம்) மாட்டும் வகையில் டிரிஜிகான் எஸ்.ஆர்.ஓ. 1, 2.5, 5 என்று மூன்று அளவில் வருகிறது, லியூபோல்ட் டெல்டாபாயின்ட் ப்ரோ 2.5, 6 என்று இரண்டில். என்னைக் கேட்டால் இந்தப் போட்டிகளுக்கு 5, 6தான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது. ஹோலோசன் போல 2 எம்.ஓ.ஏ. புள்ளியைச் சுற்றி 32 எம்.ஓ.ஏ. வளையம் போட்டுத் தருவதும் உண்டு, பக்கத்து இலக்குக்கு வளையம், தூரத்துக்குப் புள்ளி என்று. சிலருக்கு நன்றாகப் படிகிறது. எனக்கு அது கண்ணுக்கு முன்னால் ஒரே கூட்டமாக இருக்கிறது.

ரெட் டாட்டின் லென்ஸ் கண்ணாடியின் அளவையும் புள்ளியின் அளவையும் கட்டுரை ஓரிடத்தில் குழப்பிவிட்டது. கண்ணாடி பெரிதானால் புள்ளி பெரிதாகாது. இரண்டு கண்ணையும் திறந்து சுடுகிறவருக்குப் பெரிய கண்ணாடியால் கூடுதலாக எதுவும் தெரிவதும் இல்லை. ஆனால் பிஸ்டலைச் சற்றுக் கோணலாகத் தூக்கினாலும் புள்ளி கண்ணாடிக்குள் இருக்கும், அது பெரிய உதவி. இந்தப் போட்டிகளின் ஓப்பன் பிரிவில் ஸ்லைடுக்குக் கீழே உள்ள சட்டகத்தில் மாட்டுவதால் எவ்வளவு பெரியதும் வைக்கலாம். கேரி ஆப்டிக்ஸ் பிரிவில் ஸ்லைடில்தான் மாட்ட வேண்டும், ஒவ்வொரு குண்டுக்கும் அது ஸ்லைடோடு சேர்ந்து முன்னும் பின்னும் அடிபடும், அங்கே எடைக்கும் உறுதிக்கும் ஒரு கண் வேண்டும். புதியவருக்குச் சின்னக் கண்ணாடியும் சின்னப் புள்ளியும் சேர்ந்து அமைந்துவிட்டால் போட்டியில் பாதி நேரம் புள்ளியைத் தேடுவதிலேயே போய்விடும்.

கடைசியாக ஒரு திருத்தம், இதை மட்டுமாவது தனியாக வெளியிடுங்கள். ஒலிம்பிக் கனவுள்ள பிள்ளைகளுக்கும் ரெட் டாட் வாங்கிக் கொடுக்கலாம் என்ற தொனியில் கட்டுரை முடிகிறது. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டல், 25 மீட்டர் பிஸ்டல் எதிலும் ரெட் டாட்டுக்கு அனுமதி கிடையாது, திறந்த இரும்புக் குறி மட்டும்தான். 2 எம்.ஓ.ஏ. ஆனாலும் சரி, 6 ஆனாலும் சரி, உபகரணச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டுரையைப் படித்துவிட்டு எந்த அப்பாவாவது கடைக்குக் கிளம்பியிருந்தால், அவர் பணம் கட்டுவதற்குள் இந்த வரி அவர் கண்ணில் பட வேண்டும்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடும் ஒரு வாசகர்