பனி பூத்த லேசர்

மாப்ளே,

நோம்பிக்கு வர்றேன்னு சொல்லிப்போட்டு வராம இருந்ததுக்கு நீ திட்டப்போறது தெரியும். அதை நேர்ல வாங்கிக்கறேன். வீட்ல எல்லாரும் சௌக்கியம். பெரிய மீசை இன்னும் டை அடிக்கறார்.

கோயமுத்தூர் கணபதியில லேசர் கட்டிங் மெஷின் போட்டிருக்கேன்ல, சித்திரை வெயில்ல 10 மில்லி தகடு அறுபடாம அடியில பிசிறு கட்டுச்சு. பார்த்தா மெஷினைக் குளுத்தற சில்லர் தண்ணி 25-ல இருக்கவேண்டியது 31 டிகிரி. பக்கத்து கழிவுப்பஞ்சு குடோன்ல இருந்து பறந்த பஞ்சு, சில்லரோட சூட்டை வெளிய தள்ளற கண்டன்சரைக் கம்பளியாட்டம் போர்த்தியிருந்துச்சு. காத்தடிச்சு ஊதினதும் சரியாப்போச்சு.

அங்கயே நிறுத்தியிருக்கோணும். உன் ஹாஸ்டல் பிரசங்கம் ஞாபகம் வந்து தொலைச்சுது. கரண்டு விட்டா லேசர் ஒளி கக்கற சில்லுதான் டயோடு லேசர், 1962-ல அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஹாலோடது 77 கெல்வின், அதாவது மைனஸ் 196 டிகிரி குளிர்லதான் மினுக்குச்சு, அறை வெப்பத்துல விடாம எரிய 1970 ஆச்சுன்னு அளப்பியே! சூடு ஏறினா ஒளி கிளம்பவே அதிக கரண்டு கேக்கும், அலைநீளமும் டிகிரிக்கு 0.3 நானோமீட்டர் நகரும், டயோடு ஒளியைக் குடிச்சு அறுக்கற லேசரைத் தர்ற இட்டர்பியம் கலந்த ஃபைபர் (கண்ணாடி இழை) 976 நானோமீட்டர் பக்கத்துலதான் நல்லாக் குடிக்கும். அப்ப குளிரக் குளிர நல்லதுதானேன்னு சில்லரை 25-ல இருந்து 16-க்கு இறக்கிப்போட்டேன்.

ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா ஈரத்தோட வந்துச்சு. காலையில குழாயெல்லாம் மோர்ச்சொம்பாட்டம் வேர்த்திருந்துச்சு. அதைத் துடைச்சுப்போட்டு மெஷினை ஓட்டினேன்டா. பொழுதோட பவர் பாதிதான்.

பழுது பாக்க வந்தவர் செத்த டயோடை மைக்ரோஸ்கோப்புல காட்டினார். நாலே மில்லிமீட்டர் நீளச் சில்லு. ஒளி பிறக்கற அடுக்கு 10 நானோமீட்டர்தானாம், ஆனா 10 வாட்டுக்கு மேல கக்குமாம்! ஒளி வெளிய வர்ற முகத்துல கரிப்பொட்டு. ஈரமோ தூசியோ பட்ட எடம் ஒளியைக் குடிச்சுச் சூடாகும், சூடானா இன்னும் குடிக்கும், கண்ணிமைக்கறதுக்குள்ள படிகமே உருகிரும். கந்துவட்டிக் கணக்கேதான். அந்தப் பொட்டைப் பார்க்கப் பார்க்க வயிறு கலங்குச்சு. டார்ச் லைட்டுக்கு டாக்டர் பட்டமான்னு உன்னைக் கிண்டல் பண்ணினதுக்கெல்லாம் சேர்த்து வாங்கிக்கட்டிக்கிட்டேன்.

செலவுக்கு ஒரு ஜோடி காங்கேயம் காளை வாங்கியிருக்கலாம். அம்மிணி நகையைத்தான் அடகு வச்சேன். அப்பாகிட்டச் சொல்லலை, நீயும் ஒளறாத.

இப்பத் தண்ணி 26-ல ஓடுது, கேபினட்டுக்கு ஏசி போட்டாச்சு. இது போதுமா, இல்ல ஈரப்பத மீட்டரும் வேணுமா? புது டயோடு மாட்யூல் அடுத்த வாரம் வருது. மாட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ. செத்த டயோடை உனக்குக் காட்டத்தான் தீப்பெட்டியில பொத்தி வச்சிருக்கேன்.

உன்
பங்காளி