ஆறாவது பாடலை உறக்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்: இசைச் செயலி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இசைச் செயலிகளில் பாடல் பட்டியல் தயாரிப்போருக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரின் செயலி அண்மையில் எனக்கு 'ஆழ்ந்த உறக்கத்துக்கு' என்றொரு பட்டியலைப் பரிந்துரைத்தது. மழைச் சத்தத்துக்கும் யார் வாசித்தது என்றே தெரியாத ஒரு பியானோ துணுக்குக்கும் நடுவே அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஃபிராங்ஸின் 'அன்டோனியோஸ் சாங்' உட்கார்ந்திருந்தது. அதை அங்கே வைத்தவர் பாட்டின் வரிகளைக் காது கொடுத்துக் கேட்டாரா என்று அறிய விரும்புகிறேன்.

1977-இல் வெளியான 'ஸ்லீப்பிங் ஜிப்ஸி' ஆல்பத்தின் ஆறாவது பாடல் அது. (தலைப்பில் 'ஸ்லீப்பிங்' இருப்பதைப் பார்த்து உங்கள் கணினி ஏமாந்துவிட்டதோ என்னவோ.) பிரேசிலின் இசை மேதை அன்டோனியோ கார்லோஸ் ஜோபிமுக்கு எழுதிய காணிக்கை. போசா நோவா என்ற பிரேசில் இசைவகையின் தாளம் மெல்ல நடக்கும். குரல் ஒரு தடவைகூட உயராது. ஆனால் அந்தத் தணிந்த குரல் என்ன சொல்கிறது? ரியோவுக்கு மேலே வட்டமிடும் கழுகு லாஸ் ஏஞ்சல்ஸ் வானத்திலும் தொங்குகிறது என்கிறது. அடுத்த மூச்சில், பழங்குடி மக்களுக்குக் கொடுக்கப்படும் போர்வைகள் அவர்களைச் சாகடிக்கத்தான் உதவுகின்றன என்கிறது. 1763-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் பிட் கோட்டையில் பேச்சுவார்த்தைக்கு வந்த டெலவேர் பழங்குடித் தூதர்களுக்கு ஆங்கிலேயர்கள் பெரியம்மை மருத்துவமனைப் போர்வைகளைக் கொடுத்தனுப்பிய வரலாற்றை அறிந்தவருக்கு அந்த இடத்தில் தூக்கம் வராது. வந்த தூக்கமும் போய்விடும். கோபத்தைக் கத்தாமல் சொல்லத் தெரிந்த பாடலாசிரியர் ஃபிராங்ஸ். அதைத்தான் நீங்கள் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள்.

ஃபிராங்ஸின் பாடல்களை ஸ்மூத் ஜாஸ் என்ற மென்மையான ஜாஸ் வகையில் சேர்ப்பார்கள். ஸ்மூத் ஜாஸ் என்றாலே பின்னணியில் ஓடவேண்டிய ஓசை என்ற எண்ணத்தை நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1987-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கே.எம்.இ.டி என்ற ராக் வானொலி ஒரே நாளில் இவ்வகை இசையை ஒலிபரப்பும் 'தி வேவ்' நிலையமாக மாறியபோது, தொடக்கத்தில் அதில் அறிவிப்பாளர்களே இல்லை. பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு. நடுவில் பேச்சுக் கிடையாது. அந்தப் பாணி மற்ற நகரங்களுக்கும் பரவியது. பிறகு பாடல்களின் சிறு துண்டுகளை நேயர்களுக்குப் போட்டுக்காட்டி, முகம் சுளிக்காதவற்றை மட்டும் ஒலிபரப்பும் வழக்கம் வேரூன்றியது. யாரையும் தொந்தரவு செய்யாத இசை என்பதே தகுதியாகிவிட்டது. 2008-இல் நியூயார்க்கின் ஸ்மூத் ஜாஸ் வானொலி சி.டி. 101.9 ராக் நிலையமானது. மறு ஆண்டு சிகாகோவில் இதே வகை வானொலியான டபிள்யூ.என்.யூ.ஏ ஸ்பானிய மொழி நிலையமானது. விளம்பர வருவாய், கேட்போர் கணக்கெடுப்பு முறை என்று பல காரணங்கள் சொன்னார்கள். என் கணிப்பு வேறு: யாரையும் தொடாமல் ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோனபோது, அதற்காகக் குரல் கொடுக்கப் போதிய ஆட்கள் இல்லை. நீங்களும் அந்தத் தடத்திலேயே போகிறீர்கள்.

'ஸ்லீப்பிங் ஜிப்ஸி' ஆல்பம் பெயர் தெரியாத ஓசை அன்று. தயாரிப்பாளர் டாமி லிபூமா, ஒலிப்பதிவாளர் ஆல் ஷ்மிட், இசைக்கோப்பாளர் கிளாஸ் ஓகர்மன் மூவரும் கிடார் கலைஞர் ஜார்ஜ் பென்சனின் 'பிரீசின்' (1976) ஆல்பத்தில் சேர்ந்து வேலை செய்து முடித்த கையோடு இதற்கு வந்தவர்கள். ஜோபிமின் ஆல்பங்களுக்கு 1960-களிலேயே இசைக்கோப்புச் செய்தவர் ஓகர்மன். இந்த இசைத்தட்டில் அவருடைய வயலின்கள் குரலுக்குப் பின்னால் நின்று, இடைவெளி கிடைத்தால் மட்டும் உள்ளே வருகின்றன. டெனர் சாக்ஸபோன் மைக்கேல் பிரெக்கர், ஆல்டோ டேவிட் சான்பார்ன், கிடார் லாரி கார்ல்டன். பிரேசிலிலிருந்து பியானோ கலைஞர் ஜோவாவ் டொனாட்டோவும் உண்டு. ஏழாவது பாடலான 'செயின் ரியாக்ஷன்', குரூசேடர்ஸ் என்ற ஜாஸ் குழுவுக்காக அதன் பியானோ கலைஞர் ஜோ சாம்பிள் அமைத்த கருவியிசை. ஃபிராங்ஸ் அதற்குச் சொற்களைப் பூட்டினார். பியானோவில் அதே சாம்பிள்தான். தன் மெட்டு இன்னொருவர் வாயில் பாட்டாகும்போது உடன் வாசிப்பவரின் விரல்களில் ஒரு குறும்பு இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

எட்டுப் பாடலும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். நான்காவது பாடலின் உடைந்த கேலி ஆங்கிலம் இன்று காதில் உறுத்துகிறது. முதல் பாடலுக்கு மட்டும் ஒரு சொல்: வீட்டுச் சண்டையில் ஜாஸ் மேதைகளை நினைத்து, அப்பாவை ஜான் கோல்ட்ரேனாகவும் குழந்தையை மைல்ஸ் டேவிஸாகவும் பார்க்கிற பாடலாசிரியரைக் காபிக் கடை இசைப் பட்டியலில் அடைப்பது அநியாயம்.

நான் கேட்பது அதிகமில்லை. மனநிலைப் பட்டியலில் ஒரு பாடலைச் சேர்க்கும் முன் வரிகளை ஒருவர் படிக்கட்டும். இயந்திரம் படித்தாலும் சரி, படிக்கட்டும். வாசித்தவர்களின் பெயர்களை மூன்று பொத்தான்களுக்கு அப்பால் ஒளித்துவைக்காமல் பாடல் ஓடும் திரையிலேயே காட்டுங்கள். எல்.பி. இசைத்தட்டு அட்டையின் பின்புறத்தில் இந்த விவரமெல்லாம் அச்சாகியே வந்தது. லிபூமா 2017-இலும் ஷ்மிட் 2021-இலும் மறைந்துவிட்டார்கள். பிரெக்கர், சாம்பிள், ஓகர்மன், டொனாட்டோ, சான்பார்ன் எவரும் இன்று இல்லை. தங்கள் பெயரைப் போடச் சொல்லி அவர்கள் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பப்போவதில்லை. அதனால் நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சந்தாவைத் தவறாமல் கட்டிவரும் ஒரு நேயர்