ரோட்டரி எஞ்சின் கார்: வாங்குமுன் பார்க்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, பிஸ்டன்களுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி எஞ்சின் கொண்ட மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரை எஞ்சின் நிலைக்காத வண்டி என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. பிரிட்டனில் பல ஆண்டுகளாக அந்தக் காரையே ஓட்டி வருபவன் என்ற முறையில், அந்தத் தீர்ப்பில் பாதிதான் உண்மை என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எஞ்சின் பழுதுகள் பெருகியதால் மாஸ்டாவே அமெரிக்காவில் அதன் உத்தரவாதத்தை 8 ஆண்டுகள் அல்லது 1 லட்சம் மைல் வரை நீட்டியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், 1991-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டாவின் 787பி காரும் ரோட்டரி எஞ்சினில்தான் ஓடியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த எஞ்சினில் முக்கோண ரோட்டரின் முனைகளிலுள்ள அபெக்ஸ் சீல்கள் (வாயு கசியாமல் அடைக்கும் பட்டைகள்) உறையின் உட்சுவரை உரசியபடியே சுழல்வதால், அவற்றின் தேய்மானத்தைக் குறைக்க எஞ்சின் ஆயிலே சிறிது சிறிதாக உள்ளே செலுத்தப்பட்டு எரிந்துபோகிறது. ஆகவே ஆயில் குறைவது இயல்பு. குறைந்ததைக் கவனித்து ஊற்றாமல் விடுவதுதான் கேடு. பிஸ்டன் கார்களில் பழகியவர்கள் அடுத்த சர்வீஸ் வரை ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பதே இல்லை.

எஞ்சின் கெடுவதற்கு, இதைவிடப் பலருக்கும் தெரியாத காரணம், ஸ்பார்க் பிளக்குகளில் தீப்பொறி உண்டாக்க மின்சாரம் தரும் இக்னிஷன் காயில். ஆர்எக்ஸ்-8-இல் உள்ள நான்கு காயில்களும் காலப்போக்கில் வலுவிழக்கக் கூடியவை. தீப்பொறி தவறினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அந்தக் கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டால் வெளியேற வழியில்லாத வெப்பம் எஞ்சினுக்கே திரும்பி சீல்களைக் கெடுக்கிறது. காயில்களையும் ஸ்பார்க் பிளக்குகளையும் உரிய காலத்தில் மாற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய எஞ்சின்கள் இப்படி வீணாவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

குளிர்ந்திருக்கும் எஞ்சினைக் கிளப்பி, காரைச் சற்றே நகர்த்திவிட்டு உடனே அணைப்பதும் கூடாது. பிளக்குகள் பெட்ரோலில் நனைந்து, மறுமுறை கிளம்பாமல் போகும். எஞ்சின் கொள்ளளவு 1.3 லிட்டர் என்றிருப்பதை நம்பிச் சிறிய காரின் பெட்ரோல் செலவை எதிர்பார்ப்பவர்களும் ஏமாந்துபோவார்கள்.

வாங்க விரும்புவோர் செய்ய வேண்டியது, எஞ்சினுக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரணக் கருவி இதற்கு உதவாது. ரோட்டரி எஞ்சினுக்கென்றே உள்ள கருவியால், எஞ்சின் நன்கு சூடான பிறகு, ஒவ்வொரு ரோட்டரின் மூன்று பக்கங்களையும் தனித்தனியே அளக்க வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்று என்ற வேகத்துக்குச் சரிசெய்து பார்க்கும்போது அளவு 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால், எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியதுதான். சூடாக இருக்கும்போது கார் கிளம்பத் தாமதித்தால் அதுவே முதல் எச்சரிக்கை.

இந்தச் சோதனையைப் பற்றித் தங்கள் வாகனப் பகுதியில் விரிவாக எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், லண்டன்