டேப்லெட் சந்தையில் விசுவாசம் என்பது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளிவரும் டேப்லெட் ஒப்பீடுகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். திரையின் அளவு, சிப்பின் வேகம், பேட்டரி நிற்கும் நேரம் ஆகியவற்றை அவை பொறுப்புடன் எடைபோடுகின்றன. ஆனால், ஒருவர் ஏன் மீண்டும் மீண்டும் ஒரே நிறுவனத்தின் கருவியையே வாங்குகிறார் என்ற கேள்வியை 'வாடிக்கையாளர் விசுவாசம்' என்று சொல்லி முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்ததைத் தொடர்ந்து இச்சந்தையில் இறங்கிய பெரிய நிறுவனங்களில் சில தோல்வி கண்டன; வாங்குவோரைத் தடுத்தது வேறு நிறுவனத்தின் மீதான விசுவாசம் அல்ல, கருவிகளில் இருந்த குறைகளே என்பதற்கு அவை சான்று. பிளாக்பெர்ரியின் பிளேபுக் 2011இல் வெளிவந்தபோது அதில் தனி மின்னஞ்சல் செயலிகூட இல்லை. அதே ஆண்டு ஜூலையில் அறிமுகமான ஹெச்.பி.யின் டச்பேட், போதிய செயலிகள் இல்லாத நிலையில், ஆகஸ்டிலேயே கைவிடப்பட்டது. ஆனால் எஞ்சிய கருவிகளை 99 டாலருக்குக் குறைத்து விற்றபோது மக்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். வேறு பெயரைத் தொடவே மாட்டோம் என்ற பிடிவாதம் வாங்குவோரிடம் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. செயலிகள் இல்லாத குறையை விலை ஈடுகட்டியதும் அவர்கள் தயங்காமல் வந்தார்கள் என்பதே என் கருத்து.

என் அனுபவமும் இதையே சொல்கிறது. எட்டு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் டேப்லெட்டைப் பயன்படுத்திய பிறகு வேறொன்றுக்கு மாற முயன்றேன். பணம் கொடுத்து வாங்கிய செயலிகளை மறுபடியும் வாங்க வேண்டியிருந்தது, பேனா பொருந்தவில்லை, ஆண்டுக்கணக்கில் கையால் எழுதிச் சேர்த்த குறிப்புகளோ திருத்த முடியாத வெறும் படங்களாகவே வந்து சேர்ந்தன. இரண்டே மாதங்களில் பழைய நிறுவனத்திடமே திரும்பினேன். விற்பனைக் கணக்கில் இது விசுவாசமாகவே பதிவாகும். எனக்கு அது வேறு வழியின்மை.

உழைத்துப் பெற்ற விசுவாசமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. வாங்கிய கருவிக்குப் பல ஆண்டுகள் தவறாமல் மென்பொருள் புதுப்பிப்பு தரும் நிறுவனத்தை மக்கள் நம்புவது நியாயமே. எனினும், தானாக வராத நன்மைகளைச் சட்டம்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய டேப்லெட்டுகளுக்கு யூ.எஸ்.பி. சி வகை சார்ஜிங் இணைப்பு கட்டாயமாகியுள்ளது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. விட்டு விலகுவது எளிதாகும்போதுதான் நிறுவனங்கள் தரத்திலும் விலையிலும் உண்மையாகப் போட்டியிடும்.

ஆகவே, இனி வெளியிடும் ஒவ்வொரு ஒப்பீட்டிலும், அந்தக் கருவிக்கு எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு உறுதி செய்யப்பட்டுள்ளது என்பதையும், வேறு நிறுவனத்துக்கு மாறும் ஒருவர் தம் கோப்புகள், குறிப்புகள், துணைக்கருவிகள் ஆகியவற்றில் எதை எடுத்துச் செல்லலாம், எதை இழக்க நேரும் என்பதையும் சோதித்து எழுதுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்