செந்திலுக்கு ஒரு கடிதம்: மின்ட்டா, பாப் ஓஎஸ்ஸா?

அன்புள்ள செந்தில்,

மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்த சேதி கேட்டு ரொம்ப சந்தோஷம். அவள் லேப்டாப்பில் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டங்களில் லினக்ஸ் மின்ட் போடலாமா, பாப் ஓஎஸ் போடலாமா என்று கேட்டிருந்தாய். ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தால் நான் லேசில் விடமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

பாப் ஓஎஸ்காரர்கள் முதலில் க்னோம் என்ற டெஸ்க்டாப் (திரையில் மெனு, பேனல், விண்டோக்களைக் காட்டும் மென்பொருள்) மேல் எக்ஸ்டென்ஷன்களாக, அதாவது ஒட்டுச் சேர்க்கைகளாகத்தான் தங்கள் வடிவமைப்பைக் கட்டினார்கள். க்னோமோ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடும். அடியில் ஏதாவது மாறினால் மேலே கட்டியது ஆட்டம் காணும். வாடகை வீட்டில் மாடி எடுத்த கதைதான். கடைசியில் ரஸ்ட் மொழியில் காஸ்மிக் என்று சொந்த டெஸ்க்டாப்பையே எழுத உட்கார்ந்துவிட்டார்கள். விளைவு, 22.04-க்கு அடுத்த 24.04 பதிப்பு (எண்ணில் இருப்பது ஆண்டும் மாதமும்) 2025 டிசம்பரில்தான் முழுமையாக வந்தது. நடுவில் சிஸ்டத்தின் மையமான கர்னலைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள், அதையும் சொல்லவேண்டும். காஸ்மிக் எனக்குப் பிடித்திருக்கிறது. சூப்பர் விசையோடு ஒய் அழுத்தினால் திறந்திருக்கும் விண்டோக்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தாமே திரையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பார்க்கவே சுகம்.

மின்ட் வேறு ரகம். 2011-ல் க்னோம் 3 பழைய பேனலையும் மெனுவையும் தூக்கியபோது, அதன் நிரலையே கிளை பிரித்துச் சின்னமன் என்ற சொந்த டெஸ்க்டாப்பைச் செய்தார்கள். 2014-ல், மின்ட் 17-லிருந்து, உபுண்டு என்ற லினக்ஸின் எல்டிஎஸ் (பல வருடம் ஆதரவு கிடைக்கும் பதிப்பு) மட்டுமே அடித்தளம் என்று தீர்மானித்தார்கள். அடித்தளத்தோடு மல்லுக்கட்டுவது குறைந்ததால் அப்டேட் மேனேஜர், கோப்புகளைக் கையாளும் நீமோ மாதிரி சொந்தச் சரக்கில் நேரம் போட முடிந்தது. கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப சிஸ்டத்தை ஸ்னாப்ஷாட் எடுத்துவைக்கும் டைம்ஷிஃப்டை இன்னும் அமைக்கவில்லையா, அந்த அப்டேட் மேனேஜரே நினைவூட்டும். ஸ்கிரீன்ஷாட்டில் யாரும் காட்டிப் பெருமைப்படாத இடத்தில் இருக்கிறது அவர்களுடைய சொந்தப் புத்தி. எனக்கு மதிப்பு அதில்தான்.

புதுமை எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதே. யூனிட்டி என்ற டெஸ்க்டாப்பை உபுண்டு 2011-ல் கொண்டுவந்தபோது திட்டியவர்களே மெல்லப் பழகினார்கள். 2017-ல் உபுண்டுகாரர்களே அதைக் கழற்றிவிட்டு க்னோமுக்குத் திரும்பினார்கள். வித்தியாசமாகச் செய்ததற்கு நான் கோபப்படவில்லை, பழக்கிவிட்டுப் போனதற்குத்தான்.

மகளுக்கு மின்ட்டே போடு. செமஸ்டர் நடுவில் அவளுக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். உன் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கிறது, காஸ்மிக்கை அதில் ஏற்றி நீ விளையாடு. ரேம் எவ்வளவு என்று மட்டும் பார்த்து எழுது. தீபாவளிக்கு வரும்போது இரண்டையும் பென் டிரைவில் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
முரளி