விசில் வரும் முன்னே சொன்ன அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று நம் தீயணைப்பு ஸ்டேஷனில் மறுபடி முழு ஷிப்ட் பார்த்தேன். கால் வந்தது, வண்டியில் ஏறினேன், மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன், வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் தூக்கம் வரவில்லை, ஆனால் பயத்தினால் இல்லை. யார் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. இந்த வேகம் குறைவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அந்த ராத்திரி என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. உள்ளே போன நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம், நாங்கள் தேடிப் போனவர்கள் வரவில்லை. இவ்வளவு போதும்.

முதல் நன்றி, எங்கள் ஸ்டேஷனில் சுவாசக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு. பெயரைப் போட்டால் கூச்சப்படுவார், அதனால் போடவில்லை.

இந்த வேலையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். புகைக்குள் போகும்போது முதுகில் ஒரு சிலிண்டர் இருக்கும். நிரப்பியதும் அதில் காற்று 300 பார் அழுத்தத்தில் இருக்கும். மூச்சு விட விடக் குறைந்துகொண்டே வந்து சுமார் 55 பார் ஆனதும் ஒரு விசில் தானாக ஊத ஆரம்பிக்கும். காற்று தீரப்போகிறது, உடனே வெளியே வா என்று அர்த்தம். அந்த ராத்திரி என் விசில் ஊதிய பிறகுதான் நான் திரும்பினேன். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் எனக்கு வெறும் எச்சரிக்கையாக இல்லை. யாரையோ விட்டுவிட்டு வருகிறேன் என்றே ஒவ்வொரு முறையும் கேட்டது.

ஆனால் விசில் வேலை செய்கிறதா என்று ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஒவ்வொரு சுவாசக் கருவி செட்டாக ஊதிப் பார்த்தே ஆக வேண்டும். டூட்டிக்குத் திரும்பிய அன்று, வண்டிக்குப் பின்னால் ஹோஸ் சுருட்டிக்கொண்டிருந்தேன். முதல் செட்டின் விசில் ஊதியது. கையில் இருந்த கப்ளிங்கைப் போட்டுவிட்டு நேராக வெளியே போய் நின்றுகொண்டேன். சட்டை நனைந்துவிட்டது, விரல்கள் மரத்துப்போயின. எல்லோரும் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த டூட்டியில் அண்ணன் டெஸ்ட் மேஜையில் இருந்தபடியே குரல் கொடுத்தார். "தம்பி, இப்போ விசில் வரும்."

சொல்லிவிட்டு நான் தலையாட்டும் வரை காத்திருந்தார். அப்புறம்தான் காற்றை விட்டார். அடுத்த செட்டுக்கும் அதேதான், அதற்கடுத்ததற்கும் அதேதான். ஒரு நாளும் மறக்கவில்லை, ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை. என்னாச்சு, ஏதாச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

வேறு யாராவது இருந்திருந்தால் நான் இல்லாத நேரமாகப் பார்த்து டெஸ்டை வைத்திருப்பார்கள். அதுவும் நல்ல மனசுதான். ஆனால் அப்படி நடந்திருந்தால், அந்தச் சத்தத்தை நான் அடுத்த முறை கேட்பது ஒரு தீக்குள்ளேதான் இருந்திருக்கும்.

கொஞ்ச நாள் போனதும் பக்கத்தில் கூப்பிட்டார். சிலிண்டர் வால்வைத் திறந்து மூடினார். குழாயில் நின்ற காற்றை மெதுவாக விட்டபடி, "முள்ளைப் பாரு" என்றார். அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் 100ஐத் தாண்டி இறங்கியது. 80, 70, 60. அப்புறம் விசில். எப்போது வரும் என்று கண்ணால் பார்த்துவிட்டதால் உடம்பு அந்த அளவுக்குத் தூக்கிப்போடவில்லை. இன்னொரு நாள் செட்டையே என் கையில் கொடுத்தார். "காத்தை நீயே விடு. வேணாம்னா நிறுத்திக்கோ." பாதியில் நிறுத்தினேன். "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்று வாங்கிக்கொண்டார். முகத்தில் ஏமாற்றமே இல்லை. முழுசாக விட்டு முடித்த நாளில் கை தட்டவும் இல்லை. அடுத்த செட்டை நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "டெஸ்ட் பண்ணித்தானே ஆகணும்? சொல்லிட்டுப் பண்றதுல என்ன கஷ்டம்?" என்றார்.

என் சிகிச்சையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பயப்பட வைக்கும் ஒன்றைப் பாதுகாப்பான இடத்தில், நம் சம்மதத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திப்பது அவர்கள் சிகிச்சையிலும் உள்ள வழிதானாம். சம்மதம் இல்லாமல் ஒருவரைப் பிடித்துத் தள்ளினால் நிலைமை மோசமாகும் என்றும் சொன்னார். அண்ணன் எங்கேயும் போய் இதைப் படிக்கவில்லை. ஆனால் எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்யும் உரிமையை என் கையிலேயே விட்டிருந்தார். அந்த ராத்திரி என்னிடமிருந்து போனது அதுதான்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேனே என்று வருத்தப்படாதீர்கள்.

எங்கள் நிலைய அதிகாரிக்கு நன்றி. மறுநாளே எங்களை ஒரு அறையில் உட்கார வைத்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்ல வைக்கலாம் என்று யோசனை வந்தபோது, கட்டாயப்படுத்த மாட்டேன் என்றார். 1980களில் பரவிய வழக்கம் அது. நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேச வைப்பது பிற்காலப் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. அவர் செய்தது இவ்வளவுதான்: ஷிப்டைக் குறைத்தார், பட்டியலில் இருந்து என் பெயரை எடுக்கவில்லை, கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

முதல் வாரங்களில் தூக்கமின்மையும் திடுக்கிடலும் பலருக்கும் வரும், பெரும்பாலானோருக்குத் தானாகவே அடங்கும், ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் வாருங்கள் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பிய டாக்டருக்கு நன்றி. நீடித்தது, போனேன். இதை வேலையில் பட்ட காயமாகவே பதிய வேண்டும் என்று கூடவே அலைந்த சங்கத் தோழர்களுக்கும் நன்றி. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலிலேயே பிடிஎஸ்டி, அதாவது கோரமான அனுபவத்துக்குப் பிறகு வரும் மனநோய், இருக்கிறது என்று அவர்கள் எடுத்துக் காட்டியபோதுதான், இது என் கோழைத்தனம் இல்லை என்று முழுசாக நம்பினேன். என் பங்கு வேலையையும் சேர்த்து இழுத்த பி ஷிப்ட் ஆட்களுக்கும், தூங்காத ராத்திரிகளில் விளக்கைப் போட்டுவிட்டு என்னோடு விழித்திருந்த என் மனைவிக்கும் இந்த வரியில் ஒதுக்கிய இடம் போதாது.

அன்று கன்ட்ரோல் ரூமில் இருந்த அக்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் வெளியே வரும் வரை ரேடியோவில் குரல் மாறாமல் பேசிக்கொண்டே இருந்தார். உள்ளே இருந்து போன் செய்தவர்களின் குரலைக் கடைசியாகக் கேட்டதும் அவர்தான். நாங்கள் திரும்பியதும் எல்லோரும் எங்களைச் சுற்றி நின்றார்கள், அவரிடம் யாரும் போகவில்லை. வேலை நிமித்தமாகக் கோர விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்பவர்களுக்கும் இந்த நோய் வரலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013லேயே ஏற்றுக்கொண்டது. அக்கா, நேரில் வந்து பேசுகிறேன்.

சக ஊழியர்களுக்குத் துணை நிற்பதற்கான பயிற்சியில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். தீயணைப்பு மட்டும் இல்லை. ஆம்புலன்சில் இருப்பவர்கள், சுரங்கத்தில் இறங்குபவர்கள், தண்டவாளத்தில் ஒருவர் நிற்பதைப் பார்த்தும் வண்டியை உடனே நிறுத்த முடியாத ரயில் ஓட்டுநர்கள் என்று யார் வந்தாலும் உட்கார்ந்து கேட்பேன். என் நம்பர் பலரிடம் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். என்ன நடந்தது என்று நீங்களாகச் சொல்லாமல் நான் கேட்க மாட்டேன்.

நன்றியுடன்,
பி ஷிப்டில் உங்களில் ஒருவன்