வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருச்சி மணிகண்டம் பக்கம் எங்கள் வயல் களர் நிலம், அதாவது சோடியம் மிகுந்த மண். வெயிலில் சாம்பல் நிறமாகப் பொருக்குத் தட்டிக் கிடக்கும்; மழை பெய்தால் சேறாகக் குழம்பும், தண்ணீர் மட்டும் கீழே இறங்காது. மண்ணின் கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல். கரையும் உப்பு மட்டும் மிகுந்த உவர் நிலமென்றால் நல்ல தண்ணீர் கட்டி வடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். களருக்கு அது போதாது. ஜிப்சம் தூவி உழுது தண்ணீர் கட்ட வேண்டும். அதிலுள்ள கால்சியம், மண்ணோடு ஒட்டிய சோடியத்தைப் பெயர்க்கும். பெயர்ந்ததைத் தண்ணீரோடு வெளியேற்ற வேண்டும். அப்புறம் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயம் மடக்கி உழுது, களரைத் தாங்கும் திருச்சி 3 நெல் ரகத்தை நடலாம்.

மானிய ஜிப்சம் எங்களுக்கு வந்ததே நடவு முடிந்த பிறகுதான். சரி, அடுத்த போகத்துக்கு ஆகட்டும் என்று வாங்கி வைத்தால், தண்ணீரை வடிக்க வழியில்லை. வடிகால் முழுக்க நாணலும் சீமைக்கருவேலும். நான் திறந்துவிடும் உப்புத் தண்ணீர் கீழ் வயல்காரர் நாற்றங்காலில் போய் நிற்கிறது. அவர் சண்டைக்கு வருவதில் என்ன தப்பு? ஜிப்சம் மூட்டைக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் வடிகாலைத் தூர்வாரவும் அரசு ஒதுக்க வேண்டும். வயல் காலியாக இருக்கும் கோடையிலேயே ஜிப்சம் கொடுப்பது, தூர்வாருவது இரண்டும் நடக்க வேண்டும்.

ஒரு விவசாயி,
மணிகண்டம், திருச்சி